எட்டாம் தளத்தில் காணாமல் போன ஹார்லன்

செவ்வாய்க்கிழமை, காலை 11.20.

8142-ஆம் அறையின் கதவைத் திறந்த பெர்னடின் கைப்பையைக் கீழே நழுவவிட்டாள். மேசைமேல் இருந்த அவள் கணவனைக் காணவில்லை.

கணவன் என்றால் கணவனின் சாம்பல். ஹார்லன் ஆஸ்ட்ராண்டர், வயது எழுபத்து நான்கு, ஏப்ரல் மாதம் விஸ்கான்சினில் இறந்தவர். மூன்று நாளாக அந்த மேசைமேல் ஓர் இளஞ்சிவப்பு ஜாடிக்குள் இருந்தார். இப்போது அங்கே கப்பல் நிர்வாகம் கொடுத்த அறிவிப்புத்தாள் ஒன்று மட்டும் கிடந்தது. துறைமுகம் மாறியதற்கு வருந்துகிறோம் என்று அதில் அச்சடித்திருந்தார்கள்.

செப்டம்பர் மாதத்தில் கரீபியக் கடலுக்கு உல்லாசக் கப்பல் ஏறுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். டிக்கெட் மலிவு, கூட்டம் இல்லை என்று ஆசையாக ஏறுவார்கள். எந்தத் துறைமுகத்துக்கும் உத்தரவாதம் இல்லை என்ற காகிதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். புயல் திரும்பியதும் கப்பலும் திரும்பும். உடனே வரவேற்பு மேசைக்குப் போய், கேப்டன் வேண்டுமென்றே தங்கள் விடுமுறையைக் கெடுத்துவிட்ட மாதிரி கத்துவார்கள். நீச்சல் குளத்தைக் காலி செய்துவிட்டார்கள் என்று ஒரு சண்டை. மாடிப்படிக் கைப்பிடியில் வாந்திப் பைகளைச் செருகி வைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு சண்டை.

'மரீனா பெல்' செயின்ட் லூசியா தீவுக்குப் போக வேண்டிய கப்பல். லெட்டி என்ற புயல் அந்தத் தீவைக் குறிவைத்து வந்ததால், திங்கள் நண்பகலில் கேப்டன் மேற்கே திருப்பினார். புதன் காலை எட்டு மணிக்கு மெக்சிகோவின் கோசுமெல். கப்பலுக்கு எஞ்சின் இருக்கிறது, ஓடிவிட்டது. தீவு எங்கே ஓடும்?

11.40.

பாதுகாப்பு அதிகாரி வெல்டா கிரீனிட்ஜ் வந்தாள். பார்பேடோஸ் போலீசில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவள். கப்பலில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவள் சார்ஜென்ட்தான். ஐம்பத்திரண்டு வயது. புயல் நாட்களில் ஊழியர்கள் எல்லோரும் ஊருக்குப் பேச தொலைபேசி வரிசையில் நிற்பார்கள். அவள் மட்டும் நிற்க மாட்டாள். கூப்பிட ஆள் இல்லை.

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"எட்டு பத்துக்கு. சாப்பிட்டுட்டு வந்துடறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"அவர்கிட்டதான்." பெர்னடின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் வரவேற்பு மேசையில வரிசை. ரெண்டரை மணி நேரம் கால் கடுக்க நின்னேன். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பின் தளத்துல வெச்சு அவரைக் கடல்ல விட கேப்டன் நேரம் குடுத்திருக்கார். அதுக்குக் கையெழுத்துப் போடணும்னாங்க."

"நடுக்கடல்லயா?"

"செயின்ட் லூசியாவுலதான் விடறதா இருந்தோம். கல்யாணம் ஆன புதுசுல அங்கதான் போனோம். என்னை அங்கயே விட்டுடு பெர்னின்னு ஆஸ்பத்திரியில சொன்னார். இப்போ கப்பலே அங்க போகலேன்னு ஆயிடுச்சு. கடல் எங்க இருந்தா என்ன, விட்டுடலாம்னு நேத்து முடிவு பண்ணிட்டேன். எனக்கும் முடியல, ஆபீசர். எத்தனை நாள் இப்படி மேசைக்குக் காவல் இருக்கிறது?"

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"லூசிலுக்கு. அவரோட அக்கா, பக்கத்து அறை. எங்களுக்குக் குழந்தை குட்டி கிடையாது, அவளுக்குக் கல்யாணமே கிடையாது. வேற யார் வரப்போறாங்க?"

"ஜாடி எப்படி இருக்கும்?"

"கல்லு மாதிரி, வெளிறின ரோஸ் நிறம். ஊர்ல அடக்கம் பண்ற கம்பெனிக்காரர் குடுத்தார். கப்பல்ல அதுதான் சட்டமாம். கடல்ல போட்டா நாலு மணி நேரத்துல கரைஞ்சுடுமாம்."

வெல்டா அறிவிப்புத்தாளை எடுக்கப் போனாள். வரவில்லை, மேசையோடு ஒட்டியிருந்தது. மெல்ல உரித்தாள். ஒரு பக்கத்து ஓரம் பிறைபோல வளைந்து நனைந்து காய்ந்திருந்தது. அந்த ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தடவி, பெர்னடின் மூக்கைச் சிந்துகிற நேரம் பார்த்து நாக்கில் வைத்தாள்.

பால்கனிக் கதவின் உள் கொண்டி திருப்பப்படாமல் இருந்தது. வெளியே இரண்டு அறைகளின் பால்கனிகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பு பூட்டியிருந்தது.

"இந்தக் கதவை இன்னைக்குத் திறந்தீங்களா?"

"நானா? அந்தத் தண்ணியப் பாத்தாலே எனக்குக் குடலைப் புரட்டுது. லூசில்தான் ராத்திரி அந்தத் தடுப்பு வழியா வந்து எட்டிப் பாத்துட்டுப் போவா. அவ கதவைத் திறந்து வெச்சா உடனே ஏசி நின்னுடும், எனக்கு வேர்த்துக் கொட்டும். இப்போ தடுப்பையும் பூட்டிட்டாங்க." பெர்னடின் நிமிர்ந்தாள். "எதுக்கு சுத்தி வளைக்கறீங்க? இந்த அறைக்குள்ள வர்ற இன்னொரு ஆள் அந்த மாரியஸ்தானே? அவனைப் போய்க் கேளுங்க!"

12.05.

கதவுப் பூட்டின் பதிவேடும் அதையேதான் சொன்னது. காலை 8.25க்கு அறைப் பணியாளர் மாரியஸின் சாவி அட்டை. அடுத்தது 11.20க்கு பெர்னடினின் அட்டை. நடுவில் ஈ காக்கா நுழையவில்லை. மாரியஸின் அட்டை அதற்குப் பிறகு 8.52க்கு 8146, 9.11க்கு 8148, 9.30க்கு 8150 என்று வரிசையாக அடுத்த அறைகளைத் திறந்திருந்தது.

மேலே ஒலிபெருக்கியில் கேப்டனின் நண்பகல் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வானம் தெளிவு. தூரத்துப் புயலின் அலைகள் கொஞ்சம் தூக்கிப் போடும், குமட்டினால் பச்சை ஆப்பிள் சாப்பிடுங்கள். லெட்டி இன்று இரவு செயின்ட் லூசியாவைக் கடக்கும், நமக்குக் கவலை இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கை தட்டினார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவர்களில் ஏழு பேர் அந்தத் தீவுக்காரர்கள். அவர்கள் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

12.30.

மாரியஸ் சார்லமேன். வயது இருபத்தொன்பது. செயின்ட் லூசியாவின் கிழக்குக் கரையில் டென்னரி என்ற மீனவ ஊர். கப்பலேறி ஏழு மாசம். மகள் ரோசெட் பிறந்து நாலு மாசம், இன்னும் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த ஒப்பந்தத்தில் அவன் ஊர்த் துறைமுகத்துக்கு ஒரே ஒரு முறைதான் கப்பல் போவதாக இருந்தது, அதுவும் வருகிற வியாழக்கிழமை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மனைவி வெர்லின் துறைமுக வாசலுக்கு வருவதாக ஏற்பாடு. அது கேப்டனின் ஒரு அறிவிப்பில் போயிற்று. நேற்று மத்தியானம் விடுப்பு கேட்டான், ஆள் போதாது என்று மறுத்துவிட்டார்கள்.

வெல்டாவின் அறையில் அவன் எதிரே, அறைப் பணியாளர்களை மேற்பார்க்கும் விடுதிப் பிரிவு மேலாளர் ஸ்டெஃபானும் உட்கார்ந்திருந்தார்.

"ஜாடியை எடுத்தியா?"

"இல்ல, சார்ஜென்ட். அதைத் தொடாதேன்னு முதல் நாளே அந்த அம்மா சொல்லிட்டாங்க. சுத்தித் துடைப்பேன், அவ்வளவுதான். இன்னைக்கும் துடைச்சேன், அறிவிப்புத்தாளை வெச்சேன், வந்துட்டேன்."

"அப்போ ஜாடி இருந்துச்சா?"

"இருந்துச்சு. அதை ஒட்டித்தான் தாளை வெச்சேன்."

ஸ்டெஃபானுக்குப் பொறுமை போயிற்று. "இதோ பார், ஒத்துக்கிட்டாலும் சரி, ஒத்துக்காட்டாலும் சரி. பயணி எழுதிக் குடுத்தாச்சு, பூட்டுல உன் அட்டைதான் இருக்கு. நாளைக்குக் காலையில கோசுமெல்ல இறக்கிடுவோம். பிளேன் ஏத்தி நேரா வீட்டுக்கு அனுப்பிடுவோம். இனிமே எந்தக் கப்பல்லயும் உனக்கு வேலை கிடையாது."

மாரியஸ் தலையைத் தூக்கினான். "வீட்டுக்கா?"

"பின்ன, எங்க வீட்டுக்கா?"

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மேசைமேல் பேனா உருண்டது.

"நான்தான் எடுத்தேன்," என்றான் மாரியஸ்.

ஸ்டெஃபான் நாற்காலியில் சாய்ந்தார். வெல்டா உருண்ட பேனாவைப் பிடித்தாள்.

"எப்படி எடுத்த?"

"துடைக்கிற தண்ணி வாளிக்குள்ள முக்கி வெச்சேன். யாரும் பாக்க மாட்டாங்கல்ல. மத்த அறையெல்லாம் முடிச்சுட்டு, பின்னாடி ஊழியர் தளத்துக்குப் போய்க் கடல்ல வீசிட்டேன்."

"வாளிக்குள்ள எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஒண்ணரை மணி நேரம் இருக்கும்."

"வெளிய எடுக்கும்போது எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா? வெச்ச மாதிரிதான் இருந்துச்சு, சார்ஜென்ட். கல்லு ஜாடிதானே."

"எதுக்கு எடுத்த?"

"கோவம்," என்று மட்டும் சொன்னான். வெல்டா வாளிக் கதையை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

1.05.

ஊழியர் உணவறை. வெல்டா வழக்கம்போல மூலை மேசையில் தனியாக உட்கார்ந்து வறுத்த மீனைப் பிட்டாள். உப்புக் குப்பியைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. உள்ளங்கையில் தட்டினாள், அப்போதும் விழவில்லை. குப்பிக்குள் நாலைந்து அரிசி மணி கிடந்தும் ஈரத்தில் கட்டியாகப் பிடித்திருந்தது.

"இது என்னய்யா, அழுவுது?" என்றாள் பரிமாறுகிறவனிடம்.

"காலையில வெளித்தளத்துக் கதவைத் திறந்து வெச்சிருந்தோம், சார்ஜென்ட். புயல் காத்து பட்டா உப்பு நிக்குமா? ஏசிக்குள்ள இருக்கிற குப்பி எல்லாம் பொடிப் பொடியாத்தான் கொட்டுது. வேற தரட்டா?"

"வேண்டாம், எனக்கு இதுதான் வேணும்," என்று சொல்லிவிட்டு வெல்டா மீனைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

1.20.

8144 கதவுக்கு வெளியே தாம்பாளத்தில் இரண்டு காலிச் சூப் கிண்ணங்கள். கம்பளத்தில் சமைக்காத அரிசி ஏழெட்டு மணி சிதறியிருந்தது. வெல்டா குனிந்து ஒன்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினாள்.

லூசிலுக்கு எழுபத்தெட்டு வயது. ஒல்லி. முதுகு வளையாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பேசினாள்.

"காலையில எங்க இருந்தீங்க?"

"இங்கதான். தலை சுத்தல். படுத்தே கிடந்தேன்."

"பக்கத்து அறையில ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"அந்தப் பையன் துடைச்சுட்டுப் போனான், அந்தச் சத்தம்தான். பெர்னி அவனைத்தான் சொல்றாளாமே?"

"ஆமா. அவனும் ஒத்துக்கிட்டான்."

லூசிலின் கை போர்வை ஓரத்தைப் பிடித்தது. "ஒத்துக்கிட்டானா? என்னன்னு?"

"எடுத்துக் கடல்ல வீசிட்டேன்னு. நாளைக்கு இறக்கிடுவாங்க. ஜாடியோட போட்டோ உங்க போன்ல இருக்கா?"

"போனா? அந்தச் சனியனை நான் தொட்டதே இல்ல. வீட்டுல சுவத்துல ஒண்ணு மாட்டியிருக்கேன், அது போதும். ஞாயித்துக்கிழமை தவறாம அது அடிக்கும். தம்பிதான். சாப்பிட வரட்டுமான்னு கேப்பான். ஒரே தெருவுல நாப்பது வருஷம்." போர்வைச் சுருக்கத்தை நீவினாள். "அஞ்சு மாசமா அது அடிக்கல."

வெல்டா நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

1.45 முதல் 2.30 வரை வெல்டா மூன்று பேரிடம் மூன்று கேள்வி கேட்டாள்.

தளத் தொழிலாளர் தலைவன் சொன்னது: "எட்டாம் தளத்து பால்கனித் தடுப்பா? ஆட்டம் ஜாஸ்தியானதும் பூட்டச் சொன்னாங்க. இன்னைக்குக் காலையில பத்தே காலுக்குப் பூட்டினோம். அதுவரைக்கும் திறந்துதான் இருந்துச்சு."

குளிர்பதனப் பொறியாளர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். இன்று, அறை 8142: 9.04க்கு நின்றது, 9.41க்கு மறுபடி ஓடியது.

சமையலறையில் அறைக்குச் சாப்பாடு அனுப்புகிறவள் சிரித்தாள். "பத்து மணிக்கு 8144லேர்ந்து ரெண்டு கிண்ணம் பச்சரிசி வேணும்னு கேட்டாங்க, சார்ஜென்ட். செல்போன் தண்ணிக்குள்ள விழுந்துடுச்சாம். வாரத்துக்கு நாலு பேர் அரிசி கேக்கறாங்க, நாங்க என்ன மளிகைக் கடையா?"

3.00.

8144-க்குள் ஐந்து பேர். இடம் போதவில்லை. பெர்னடின் சோபாவில், லூசில் கட்டிலில், ஸ்டெஃபான் கதவருகே, மாரியஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூலையில். வெல்டா உணவறையிலிருந்து கொண்டுவந்த உப்புக் குப்பியை மேசைமேல் வைத்தாள்.

"மாரியஸ், அந்த ஜாடி என்ன சாமான்ல செஞ்சது?"

"கல்லு."

"உப்பு," என்றாள் வெல்டா. "உப்பை இறுக்கிச் செஞ்ச ஜாடி. கடல்ல கரையற ஜாடி வேற எப்படி இருக்கும்? ஒண்ணரை மணி நேரம் தண்ணி வாளிக்குள்ள கிடந்தா அது வழுவழுன்னு கரைஞ்சு கையில வழிஞ்சிருக்கும். வெச்ச மாதிரியே இருந்துச்சுன்னு சொல்ற. நீ அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்ல."

"சார்ஜென்ட், நான்தான்..."

"வாயை மூடு, தம்பி. இன்னும் முடியல." அறிவிப்புத்தாளை எடுத்துக் காட்டினாள். "நாம எல்லாரும் பாத்துட்டு விட்டது இது. காலையில மாரியஸ் இதை ஜாடியை ஒட்டி வெச்சான். அந்த ஓரம் மட்டும் நனைஞ்சு காஞ்சிருக்கு, உப்புப் பூத்திருக்கு. ஏசிக்குள்ள இருக்கிற உப்பு வேர்க்காது. ஜில்லுன்னு இருக்கிற உப்பு மேல புயல் காத்து பட்டா வேர்க்கும். அப்போ யாரோ பால்கனிக் கதவைத் திறந்து வெச்சிருக்காங்க, ஜாடியும் அப்போ மேசைமேலயே இருந்திருக்கு. கதவு திறந்தா ஏசி நிக்கும். நின்னது ஒன்பது நாலுக்கு, ஓடினது ஒன்பது நாப்பத்தொண்ணுக்கு. அந்த நேரத்துல மாரியஸ் ரெண்டு அறை தள்ளித் துடைச்சுட்டு இருந்தான், கதவு வழியா யாரும் வரல. வந்தது தடுப்பு வழியா. தடுப்பு பூட்டினது பத்தே காலுக்கு."

பெர்னடின் மெதுவாக நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"கடைசியா இந்த அரிசி." வெல்டா பையிலிருந்து அந்த ஒரு மணியை எடுத்து உப்புக் குப்பியின் பக்கத்தில் வைத்தாள். "போன் நனைஞ்சுடுச்சுன்னு வாங்கினீங்க, லூசில் அம்மா. உங்ககிட்டதான் போனே கிடையாதே. உப்பு ஈரமாகாம இருக்க அரிசி போடறது எங்க வீட்டுலயும் உண்டு. எங்க வெச்சிருக்கீங்க?"

லூசில் எழுந்து, அலமாரியின் மேல்தட்டில் உயிர்காப்பு உடைக்குப் பின்னாலிருந்து ஒரு தலையணை உறையைத் தூக்கினாள். கனம் தாளாமல் உறை சரிந்தது. மாரியஸ் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தான். உறைக்குள் அரிசிக்கு நடுவே இளஞ்சிவப்பு ஜாடி இருந்தது.

"லூசில்!" பெர்னடின் கத்தினாள். "உனக்கு என்ன பைத்தியமா? என்னை இப்படிப் பதற வெச்சுட்டியே!"

"நீ மட்டும் என்ன செஞ்ச?" லூசிலின் குரல் உடைந்தது. "செயின்ட் லூசியான்னு சொன்ன, சரின்னேன். அவன் ஆசைப்பட்ட இடம். இப்போ கடல் எங்க இருந்தா என்னன்னு சொல்ற. எங்க இருந்தா என்னவா? ஊர்ல அம்மா பக்கத்துல ரெண்டு குழி வாங்கிப் போட்டிருக்கோம், ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு எனக்கு. அவனை இங்க ஏதோ ஒரு தண்ணியில விட்டுட்டுப் போனா, நான் அங்க யார் பக்கத்துல படுப்பேன்?"

பெர்னடின் சோபாவில் பின்னால் சாய்ந்தாள்.

"எடுத்துட்டுப் போகத்தான் உன் அறைக்கு வந்தேன்," என்றாள் லூசில். "அவனுக்கு ஏசி பிடிக்காது. அதான் கதவைத் திறந்து வெச்சுக் கொஞ்ச நேரம் உக்காந்தேன்."

"அரை மணி நேரத்துக்கு மேல," என்றாள் வெல்டா.

"அவ்வளவு நேரமாவா?"

"அத்தனை நேரம் என்ன பேசின அவர்கிட்ட?" என்று பெர்னடின் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. காத்து அடிக்குது, தோட்டத்துல தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டாம வந்துட்டேன்னு சொன்னேன்."

"என்கிட்ட வந்து பேசியிருக்கலாமே, லூசில். நானும் சுவத்தைப் பாத்துத்தானே உக்காந்திருக்கேன்."

இரண்டு பேரும் அழுதார்கள். சேர்ந்து அழவில்லை, இவள் சோபாவிலும் அவள் கட்டிலிலுமாக. ஸ்டெஃபான் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்," பெர்னடின் சட்டென்று மாரியஸைப் பார்த்தாள். "நீ எதுக்குப்பா எடுத்தேன்னு சொன்ன?"

மாரியஸ் ஜாடியை மேசைமேல் வைத்தான். விரலில் ஒட்டிய உப்பைச் சட்டையில் துடைத்தான்.

"திருடனை நாளைக்கே வீட்டுக்கு அனுப்புவாங்க," என்றாள் வெல்டா. "நல்லவனை ஒப்பந்தம் முடிஞ்சு மார்ச் மாசம்தான் அனுப்புவாங்க. அவன் வீடு செயின்ட் லூசியா. பொண்டாட்டியும், அவன் இன்னும் பாக்காத நாலு மாசக் குழந்தையும் அங்க இருக்காங்க. இன்னைக்கு ராத்திரி புயல் அந்த ஊர்லதான்."

பெர்னடின் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளாக அவள் படுக்கையை விரித்து, குளியல் துண்டை மடித்து யானை செய்து வைத்தவன். ஊர் எது என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"நான் புகாரை அப்படியே விட்டுடறேன்," என்றாள் அவசரமாக. "இவன்தான் எடுத்தான்னே இருக்கட்டும். வீட்டுக்குப் போகட்டும். என்ன லூசில்?"

"இருக்கட்டும்," என்றாள் லூசில். "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மூலையில் மாரியஸின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. எல்லோரும் வெல்டாவைப் பார்த்தார்கள். அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"காலையில அந்தத் தீவோட விமான நிலையத்தை மூடிட்டாங்க," என்றாள். "எப்போ திறக்கும்னு கடவுளுக்குத்தான் தெரியும். உன்னை மயாமி வரைக்கும் கொண்டுபோய் ஒரு அறையில அடைச்சு வெப்பாங்க. கையில திருடன்னு எழுதின காகிதம். நாலு நாளோ பத்து நாளோ, ஒரு போன் வசதிகூட இருக்காது. அப்புறம் ஊருக்குப் போய், கூரை போன வீட்டுல உக்காந்து, எந்தக் கப்பல்லயும் வேலை இல்லாம அந்தக் குழந்தைக்கு என்னத்தைப் போடுவ?"

"பார்பேடோஸ் வரைக்கும் போனா போதும், சார்ஜென்ட். ஏதாவது மீன்பிடிப் படகுல ஏறிப் போயிடுவேன்."

"எதுல ஏறுவ? படகு எல்லாம் கரையில கவுந்து கிடக்கும். நான் அந்த ஊர்க்காரி, எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்கு யார் இருக்காங்க, இதெல்லாம் தெரியறதுக்கு?" என்றான் மாரியஸ். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

வெல்டா அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்டெஃபானிடம் கொடுத்தாள். மணி 3.50.

ஐந்து மணிக்கு ஹார்லனைக் கடலில் விடவில்லை. இன்னொரு வருஷம், செயின்ட் லூசியாவில் தண்ணீர் வடிந்த பிறகு பார்க்கலாம் என்று பெர்னடின் சொல்லிவிட்டாள். ஜாடி அரிசியோடு 8144-லேயே இருந்தது. தடுப்பு பூட்டியிருந்ததால் பெர்னடின் நடைவழியாகச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினாள்.

இரவு லெட்டி டென்னரியைக் கடந்தது. புதன்கிழமை கோசுமெல்லில் கொளுத்தும் வெயில், பயணிகள் தொப்பி வாங்கினார்கள். செயின்ட் லூசியாவுக்குத் தொலைபேசித் தொடர்பே இல்லை. ஊழியர் வரிசை இரண்டு தளம் நீண்டது. ஆளுக்கு மூன்று நிமிஷம்.

வெல்டாவின் அலுவலகத்தில் செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்று உண்டு. அவசர வேலைக்கு மட்டும் என்று அதில் ஒட்டியிருக்கும். புதன் காலை ஏழு மணிக்கு மாரியஸைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள். அவன் அவளிடம் பேசவில்லை. எண்ணை அழுத்தினான், காதில் வைத்தான், தொடர்பு கிடைக்காமல் கீழே வைத்துவிட்டு பதினெட்டு அறைகளைத் துடைக்கப் போனான். மாலையும் அப்படியே, வியாழனும் அப்படியே. வியாழக்கிழமைதான் வெர்லின் துறைமுக வாசலில் நின்றிருக்க வேண்டிய நாள்.

வெள்ளிக்கிழமை, காலை 7.10.

நாலாவது முறை மணி அடித்ததும் மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். மாரியஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் ஊர் மொழியில் ஏதோ கத்தினான், அழுதான், மறுபடி கத்தினான். "கூரைதானே? போனா போவுது!" என்றான். பிறகு பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

வெல்டா கோப்பைப் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். ரிசீவர் அவள் முகத்துக்கு நேரே வந்தது.

"கேளுங்க, சார்ஜென்ட்."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். வெகு தூரத்தில், இரைச்சலுக்கு நடுவே, ஒரு குழந்தை பசியில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

ரிசீவரைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.